பென்சிலால் எழுதிய பெயர்

சென்ற இதழில் பணியிடத் தொல்லை பற்றிய ஒரு கேள்விக்கு இரண்டே வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாக் கடிதங்களையும் படித்தேன்; சிலவற்றை இரண்டு முறை. அதனால் இந்த மாதம் முழுப் பக்கத்தையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். நான் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். அதில் 20 ஆண்டுகள் வார்டுப் பொறுப்பு. கடைசி 9 ஆண்டுகள் மருத்துவமனையின் புகார்க் குழுவிலும் இருந்தேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவள் என்ற உரிமையில்தான் பதில் சொல்கிறேன். எழுதியவர்களின் பெயரையோ நிறுவனத்தையோ வெளியிடவில்லை.

கேள்வி: அம்மா, நான் ஒரு கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கினார்கள். பதினான்கு பேர் செய்த வேலையை இப்போது ஒன்பது பேர் செய்கிறோம். புதிய பிரிவுத் தலைவர் என்னைக் கூட்டங்களுக்கு அழைப்பதில்லை. மறுநாள், "கூட்டத்தில் சொன்னதை ஏன் செய்யவில்லை?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறார். மாலை ஐந்து மணிக்குக் கோப்பைக் கொடுத்து, காலை ஒன்பது மணிக்குள் முடிக்கச் சொல்கிறார். சக ஊழியர்கள் மதிய உணவுக்கு என்னோடு உட்காருவதை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் சொன்னால், "அவருக்கும் மேலிடத்து நெருக்கடி இருக்கும், அனுசரித்துப் போ" என்கிறார்கள். அவர் கெட்டவரா, வேலை அவரை அப்படி ஆக்கிவிட்டதா?

பதில்: தம்பி, முதலில் இதற்குப் பெயர் வைத்துவிடுவோம். நீங்கள் எழுதியிருப்பது துன்புறுத்தல். கை ஓங்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை என்பதால் அது வேறொன்றாகிவிடாது. ஸ்வீடனில் பணியாற்றிய உளவியலாளர் ஹைன்ஸ் லேமன், 1980களிலேயே இப்படிப்பட்ட 45 செயல்களைப் பட்டியலிட்டார். பேச விடாமல் தடுப்பது, பேசாமல் ஒதுக்குவது, செய்ய முடியாத வேலையைக் கொடுப்பது, வேலையே கொடுக்காமல் உட்கார வைப்பது என்று நீளும் பட்டியல் அது. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால், "இதையெல்லாம் ஒரு புகார் என்று சொல்வார்களா?" என்றுதான் தோன்றும். வாரத்துக்கு ஒரு முறையாவது, ஆறு மாதங்களுக்குக் குறையாமல், ஒருவரையே குறிவைத்து நடந்தால் அது துன்புறுத்தல் என்று அவர் அளவுகோல் வைத்தார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்கிறோமே, அதைத்தான் அவர் அளந்து பார்த்தார்.

இப்போது உங்கள் கேள்வி. லேமன் ஒரு விஷயத்தில் மிகவும் பிடிவாதமாக இருந்தார். பாதிக்கப்பட்டவரின் சுபாவத்தில் காரணத்தைத் தேடாதீர்கள். வேலை எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது, தலைமை எப்படி இருக்கிறது என்று பாருங்கள் என்றார். நார்வேயில் ஸ்டோலெ ஐனார்சனும் உடன் பணியாற்றியவர்களும் 1990களில் செய்த ஆய்வுகளும் அந்தப் பக்கமே கை காட்டின. யார் எதைச் செய்ய வேண்டும் என்பதில் குழப்பம், ஒன்றுக்கொன்று முரணான உத்தரவுகள், தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாத நிலை, கண்டுகொள்ளாத தலைமை. இவை இருக்கும் இடங்களில் துன்புறுத்தலும் கூடுதலாக இருந்தது. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979இல் சொன்னதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது: வேலைப் பளு மட்டும் மனிதனை நசுக்குவதில்லை, பளு அதிகமாகவும் அதைக் கையாளும் அதிகாரம் குறைவாகவும் இருப்பதுதான் நசுக்குகிறது. பதினான்கு பேர் ஒன்பதாகச் சுருங்கிய உங்கள் பிரிவில் இவ்வளவும் இருக்கிறது. உங்கள் தலைவரும் அதற்குள்தான் இருக்கிறார்.

அப்படியானால் அவர்மீது தவறில்லையா? இருக்கிறது. ஒன்பது பேருக்கு வேலை மிஞ்சிப் போவதை மேலிடம் முடிவு செய்தது. அந்த மிச்சம் மாலை ஐந்து மணிக்கு உங்கள் மேசைக்கே வர வேண்டும் என்பதை அவர் முடிவு செய்தார். இரண்டு முடிவுகளையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவதால்தான் "அனுசரித்துப் போ" என்ற பேச்சு பிறக்கிறது. பிரித்துப் பாருங்கள், தெளிவாகிவிடும்.

செய்ய வேண்டியது: ஒரு சிறிய நோட்டில் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர் யார் என்று அன்றன்றே எழுதுங்கள். உங்கள் கருத்தை எழுத வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். குழுவில் இருந்தபோது, "எப்போதும் திட்டுவார்" என்ற புகாரை வைத்துக்கொண்டு எங்களால் எதுவுமே செய்ய முடிந்ததில்லை. நான்கு தேதிகள் இருந்தால் விசாரணை நடக்கும். அடுத்து, உங்கள் பொறுப்புகள் எவை என்று எழுத்தில் கேளுங்கள். சண்டையாக இல்லாமல், "பிரிவுகள் இணைந்த பிறகு எனக்குத் தெளிவு வேண்டும்" என்று கேளுங்கள். பதில் வந்தால் உங்களுக்கு நல்லது. வராவிட்டால் அதுவும் நோட்டில் ஏறட்டும். இரவில் தூக்கம் வருவதில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு மருத்துவரைப் பாருங்கள். இந்த வாரமே.

கேள்வி: நான் ஒரு மேற்பார்வையாளர். கத்துவேன், மறைக்கவில்லை. மேலே இருந்து மாத இலக்கு வருகிறது. எட்டாவிட்டால் என்னைத்தான் கேட்பார்கள். என்னிடம் இருக்கும் ஆட்களில் ஒருவர் மிக மந்தம். அவரால் மொத்தக் குழுவும் பின்தங்குகிறது. நானும் இப்படித் திட்டு வாங்கித்தான் வளர்ந்தேன், கெட்டுப் போகவில்லை. இதையும் துன்புறுத்தல் என்று சொன்னால் எப்படித்தான் வேலை வாங்குவது?

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு முறை படித்தேன். ஏனென்றால் அதில் இருந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

அப்போது 42 படுக்கைகள் கொண்ட வார்டு என் பொறுப்பில் இருந்தது. காலை முறைக்கு நான்கு செவிலியர்கள் வர வேண்டும். பல நாள் மூன்று பேர்தான் வருவார்கள். அந்த நேரத்தில் ஓர் இளம் பெண் மாற்றலாகி வந்தாள். 22 வயதிருக்கும். மருந்துச் சீட்டை மூன்று முறை படித்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பாள். அதில் தவறே இல்லை, அப்படித்தான் எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் மூன்று பேர் ஓடிக்கொண்டிருக்கும் வார்டில் அந்த நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது. "மெதுவானவள்" என்று முதல் வாரத்திலேயே முத்திரை குத்திவிட்டேன்.

பணிமுறைப் பட்டியலை ஒரு நீள நோட்டில் பென்சிலால் போடுவேன். யாராவது விடுப்புக் கேட்டால் அழித்து மாற்ற வசதியாக இருக்கும். யாருக்கு இரவு டூட்டி ஒத்துவராவிட்டாலும் அந்தப் பெயரை அழித்துவிட்டு அவள் பெயரை எழுதினேன். ஒரு மாதத்தில் 16 இரவுகள் அவளுக்கு விழுந்தன. காலையில் நோயாளிகளை ஒப்படைக்கும் நேரத்தில் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவேன், அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன். வேறொருத்தி குளுக்கோஸ் பாட்டிலை மாற்றத் தாமதித்தால், "பாவம், இன்று கூட்டம் அதிகம்" என்பேன். அவள் தாமதித்தால், "உனக்கு எத்தனை முறை சொல்வது?" என்பேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஒரு முறைகூட நான் கத்தியதில்லை. அதனால் என்னை நல்லவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழாவது மாதம் "சொந்தக் காரணங்களுக்காக" என்று இரண்டு வரிகள் எழுதிக் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

பல ஆண்டுகள் கழித்து, புகார்க் குழுவில் வேறு ஒரு வழக்குக்காகப் பழைய நோட்டுகளைப் புரட்ட வேண்டியிருந்தது. அந்த மாதத்துப் பக்கம் கண்ணில் பட்டது. இரவு டூட்டிக் கட்டங்களில் அழித்து அழித்து எழுதியதால் காகிதம் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. ஒரு கட்டத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. தேய்ந்த கட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரே பெயர். அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளரைப் பற்றி அதற்குப் பிறகுதான் படித்தேன். மனச்சாட்சி இல்லாதவர்கள்தான் கொடுமை செய்கிறார்கள் என்பதில்லை. மனச்சாட்சி உள்ளவர்களும் அதை ஒரு விஷயத்துக்கு மட்டும் கழற்றி வைத்துவிட முடியும் என்பது அவர் கண்டது. கழற்றுவதற்கு எட்டு வழிகளைச் சொன்னார். என் வாயிலிருந்து வந்தவற்றை அவற்றோடு வைத்துப் பார்த்தேன். "வார்டு நன்றாக நடக்க வேண்டாமா" என்றேன். அது உயர்ந்த காரணம் காட்டுவது. "பழக்கிவிடுகிறேன்" என்றேன், அது கசப்புக்கு இனிப்பான பெயர். "எங்கள் காலத்தில் இதைவிட மோசம்" என்றது ஒப்பிட்டுச் சிறிதாக்குவது. "மேலிடம் ஆள் தரவில்லையே, நான் என்ன செய்வேன்" என்றது பொறுப்பை மேலே தள்ளுவது. "ஒன்றும் ஆகிவிடவில்லை அவளுக்கு" என்றது விளைவைப் பார்க்க மறுப்பது. "அவள் சுறுசுறுப்பாக இருந்தால் நான் ஏன் சொல்லப்போகிறேன்" என்றது பழியை அவள்மீதே போடுவது. எட்டில் ஆறு, ஒரே ஆண்டில், ஒரே பெண்ணிடம்.

உங்கள் கடிதத்தில் எத்தனை இருக்கின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிச் சொன்னால் உங்களுக்குக் கோபம் மட்டும்தான் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று நான் சொன்னது பொய்யில்லை. உங்கள் இலக்கும் பொய்யில்லை. அதனால்தான் அது அவ்வளவு நல்ல சாக்காக இருந்தது. பொய்ச் சாக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது, நமக்கே கூசும். உண்மையான நெருக்கடி இருக்கிறதே, அதை எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டிருக்கலாம். யாரும் மறுத்துப் பேச முடியாது. பற்றாக்குறை அந்த வார்டுக்கு மாதம் இத்தனை கூடுதல் இரவுகள் என்று கொண்டுவந்து போட்டது. அத்தனையையும் ஒருத்தி தலையில் ஏற்றியது என் பென்சில்.

எப்படி வேலை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நாளை காலை அந்த "மந்தமான" ஆளின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். எதுவும் சொல்லாமல், அவர் வேலை செய்வதைப் பாருங்கள். எங்கே நிற்கிறார், எதற்காகக் காத்திருக்கிறார், யாரிடம் கேட்கப் பயப்படுகிறார் என்று தெரியும். நான் அந்த அரை மணி நேரத்தைக் கொடுத்திருந்தால், பக்கத்துப் படுக்கைக்கு எழுதிய மருந்தை மாற்றிப் போட இருந்த ஒரு தவறை அவள்தான் தடுத்தாள் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்கும். உடன் வேலை செய்த ஒருத்தி பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. பதில் எழுத வேண்டிய கடமை அவளுக்கு இல்லை.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒருவரை ஓரங்கட்டுவதை ஐந்தாறு பேர் தினமும் பார்க்கிறோம். யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கும் தைரியம் வரவில்லை. நாங்களும் குற்றவாளிகளா?

பதில்: குற்றவாளி என்ற சொல்லைப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வெளியே நிற்பவர்கள் என்றும் உங்களைச் சொல்ல முடியாது.

1968இல் பிப் லடானே, ஜான் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்கள் ஓர் அறையில் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது சுவரிலுள்ள துவாரம் வழியாகப் புகை வரும். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்த் தகவல் சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் இருக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்ட இரண்டு பேரைக் கூட உட்கார வைத்தபோது, சொன்னவர்கள் 10 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, புகையைக் கையால் விலக்கிக்கொண்டு படிவத்தை நிரப்பினார்களாம். அடுத்தவர் முகத்தைப் பார்த்து, "இவரே சும்மா இருக்கிறார், அப்படியானால் ஒன்றுமில்லை போலிருக்கிறது" என்று எடுத்துக்கொள்கிறோம். உங்கள் அறையில் ஐந்தாறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பெரிய தைரியம் எதுவும் வேண்டாம். நாளை மதியம் உங்கள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவர் எதிரே போய் உட்காருங்கள். அவ்வளவுதான். குழுவில் என் எதிரே உட்கார்ந்து அழுதவர்களில் பலர் திட்டிய மேலதிகாரியைப் பற்றி வறண்ட குரலில் பேசுவார்கள். "யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்ற இடத்துக்கு வரும்போதுதான் குரல் உடையும். பிறகு, நீங்கள் பார்த்ததை ஒரு தேதி போட்டு எழுதி வையுங்கள். என்றைக்காவது அவர் புகார் கொடுத்தால், சாட்சி சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு மணி நேரம் நன்னடத்தை வகுப்பு எடுக்கிறார்கள். இதனால் ஏதாவது பயன் உண்டா?

பதில்: கொஞ்சம் உண்டு. புகாரை எங்கே கொடுப்பது என்றாவது தெரியும். அதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

மேலே சொன்ன டார்லியும் டேனியல் பாட்சனும் 1973இல் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரிலுள்ள இறையியல் கல்லூரியில், மதபோதகர் ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களிடம் நடந்தது அது. பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்றும்படி சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில், வாசற்படியில் ஒருவர் குனிந்து இருமிக்கொண்டு முனகிக்கொண்டு கிடக்கிறார். "நேரம் இருக்கிறது, மெதுவாகப் போங்கள்" என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். "தாமதமாகிவிட்டது, ஓடுங்கள்" என்று அனுப்பப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதம். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோமா, வேறு எதையோ பேசப் போகிறோமா என்பதால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் ஏற்படவில்லை.

மூன்று பேர் ஓடும் வார்டை இதில் நான் பார்க்கிறேன். எங்களுக்கும் நன்னெறி தெரியாமல் இல்லை. மனிதரின் நியாய உணர்வு படிப்படியாக முதிர்கிறது என்று லாரன்ஸ் கோல்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆறு நிலைகளை வகுத்தார். தண்டனைக்குப் பயப்படுவது அதில் முதல் நிலை. எல்லோருக்கும் பொதுவான நீதியை நினைப்பது கடைசி நிலை. கேள்வித்தாளில் ஐந்தாம் நிலைக்கு விடை எழுதுபவர், மாதக் கடைசியில் மேலதிகாரி அறைக்குள் நுழையும்போது முதல் நிலைக்கு இறங்கிவிடுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு மணி நேரத்தில் பாதியை எடுத்து, யாருக்கு வேலை அதிகம் விழுகிறது என்று எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒருவர் நேரடியாகத் திட்டினால் புகார் கொடுக்கலாம். நிர்வாகத்தின் திட்டமே ஆட்களை விரட்டுவதாக இருந்தால் யார்மீது புகார் கொடுப்பது?

பதில்: நல்ல கேள்வி. இதற்கு ஒரு நாட்டின் நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. பிரான்ஸ் டெலிகாம் நிறுவனம் 2006ஆம் ஆண்டு முதல் மூன்று ஆண்டுகளில் 22,000 பேரைக் குறைக்கத் திட்டமிட்டது. பெரும்பாலோர் அரசு ஊழியர் தகுதியில் இருந்ததால் அவர்களை எளிதாக நீக்க முடியாது. அதனால், அவர்களாகவே போய்விடும் அளவுக்குச் சூழலைக் கெடுத்தார்கள்: திடீர் இடமாற்றம், தகுதிக்குப் பொருந்தாத வேலை, வேலையே தராமல் விடுவது. வழக்கில் 39 ஊழியர்களின் நிலை விசாரிக்கப்பட்டது. அவர்களில் 19 பேர் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள். 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் நிறுவனத்தையும் முன்னாள் தலைமை நிர்வாகியையும் மற்ற உயர் அதிகாரிகளையும் குற்றவாளிகள் என்று அறிவித்தது. அந்தத் தலைமை நிர்வாகி பாதிக்கப்பட்ட ஊழியர்கள் பலரைப் பார்த்தது கூட இல்லை. ஒரு நிறுவனத்தின் கொள்கையே துன்புறுத்தலாக இருக்க முடியும் என்பதை 2025 ஜனவரியில் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

உலக அளவில், பணியிட வன்முறையையும் தொல்லையையும் ஒழிக்கச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் எண் உடன்படிக்கை இருக்கிறது. 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. தொல்லை ஒரே ஒரு முறை நடந்தாலும் அது தொல்லைதான் என்கிறது அது. அதோடு வந்த 206ஆம் எண் பரிந்துரை, வேலைச் சூழல், வேலையைப் பிரிக்கும் விதம், ஆள் நிர்வாகம் ஆகியவற்றிலிருந்து எழும் ஆபத்துகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. உங்கள் நாடு இதை ஏற்றிருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் சட்ட பலம். தொழிற்சங்கம் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், திட்டமிட்டு விரட்டும் இடத்தில், குனியக் குனியக் குட்டுவார்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுகள் ஒரு மேலதிகாரியிடம் படாத பாடு பட்டு அந்த வேலையை விட்டேன். இப்போது புதிய இடத்தில் என்னையே எட்டுப் பேருக்குத் தலைவி ஆக்கியிருக்கிறார்கள். சென்ற வாரம் ஒரு பெண்ணிடம் பேசும்போது அவருடைய அதே வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது. இரவு முழுவதும் தூங்கவில்லை. நானும் அவரைப் போல ஆகிவிடுவேனா?

பதில்: மகளே, தூங்காமல் இருந்ததை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். 16 இரவுகளை எழுதிவிட்டு நான் நன்றாகத் தூங்கினேன்.

அந்தப் பெண்ணிடம் நாளையே போய், "நான் சொன்னது தவறு" என்று சொல்லிவிடுங்கள். "வேலை நெருக்கடியில்" என்ற சொல்லை அதில் சேர்க்காதீர்கள்.

ஆனால் உங்கள் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். மனம் களைத்துப் போகும். மாதக் கடைசியில், ஆள் குறைந்த நாளில், தலைவலியோடு இருக்கும்போதும் நியாயமாக நடக்கும்படி வேலையை அமைத்துவிடுங்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். அந்தத் தேய்ந்த பக்கத்தைப் பார்த்தபோது நான் இன்னொரு வார்டுக்குப் பொறுப்பாளராக இருந்தேன். மறு மாதமே நீள நோட்டை மூடி வைத்துவிட்டு, வெறும் கட்டங்கள் போட்ட ஒரு பெரிய தாளைச் செவிலியர் அறைச் சுவரில் ஒட்டினேன். மாதம் பிறப்பதற்குப் பதினைந்து நாள் முன்பே ஒட்டிவிடுவேன். முடியாத இரவுகளை அவரவரே குறிக்கலாம். கடைசியில் ஒரு கட்டம் தனியாக: கடந்த மூன்று மாதங்களில் யாருக்கு எத்தனை இரவுகள் விழுந்தன என்ற எண்ணிக்கை. யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம்.

முதல் மாதம் ஒரே சச்சரவு. ஓர் இரவுக்கு மூன்று பேர் மல்லுக்கு நின்றார்கள். உதவிப் பொறுப்பாளர் என்னிடம் வந்து, "முன்பு எவ்வளவு அமைதியாக இருந்தது அம்மா" என்று வருத்தப்பட்டார். எனக்குப் பழைய வார்டு நினைவுக்கு வந்தது. அங்கேயும் அமைதியாகத்தான் இருந்தது. ஒருத்தி வாய் திறக்காமல் தோற்றுக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாதம் சச்சரவு குறைந்தது. நான்காவது மாதம், என் பெயருக்கு நேரே எண்ணிக்கைக் கட்டம் காலியாக இருப்பதை இளையவள் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சுட்டிக்காட்டினாள். பொறுப்பாளர்கள் இரவு வருவதில்லை என்பது வழக்கம், விதியில் அப்படி இல்லை. அந்த மாதம் இரண்டு இரவுகளை எனக்கும் எழுதிக்கொண்டேன்.

பென்சில் அடிக்கடி காணாமல் போகிறது என்று ஒரு முறை என்னிடம் வந்து சொன்னார்கள். ஒன்றை நூலில் கட்டி, தாளுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டேன். ஓய்வு பெற்ற அன்று சாமான்களை எடுக்கப் போனபோதும் அது அங்கே தொங்கிக்கொண்டிருந்தது, பாதிக்கு மேல் தேய்ந்து.